பந்தய விலை வந்த பாதை

இரண்டு அணிகளும் சம பலம். எது ஜெயிக்கும் என்று சொல்ல அனுபவசாலிகளே தயங்கும் ஆட்டம். அப்படிப்பட்ட ஆட்டத்துக்குப் பந்தய நிறுவனங்கள் போடும் விலை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: இந்த அணிக்கு 1.90, அந்த அணிக்கும் 1.90. நூறு ரூபாய் கட்டியவர் ஜெயித்தால், கட்டிய நூறையும் சேர்த்து 190 ரூபாய் கைக்கு வரும். தோற்றால் நூறும் போய்விடும்.

இரு பக்கமும் சம வாய்ப்பு என்றால் ஜெயித்தவருக்கு 200 ரூபாய் வர வேண்டும். பத்து ரூபாய் குறைகிறதே, அது எங்கே போனது? விளையாட்டுப் பந்தயம் என்றால் என்ன என்று புதிதாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். எந்த அணி ஜெயிக்கும், எந்தக் குதிரை முந்தும் என்பதெல்லாம் அடுத்த கேள்விகள்.

1.90 என்ற அந்த எண்ணைப் பந்தயக்காரர்கள் ஆட்ஸ் என்பார்கள். விலை என்றும் சொல்வார்கள். அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் வயதாகிறது. இங்கிலாந்தின் புல்வெளியில் பிறந்து, பாரிஸ், ஆக்லாந்து, சிகாகோ என்று சுற்றி, இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. போன ஊரிலெல்லாம் அதன் தோற்றம் மாறியது. உள்ளே இருக்கும் கணக்கு மாறவில்லை. அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள, அது வந்த பாதையிலேயே நாமும் போய்ப் பார்க்கலாம்.

நியூமார்க்கெட்: பிறந்த இடம்

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்துக் குதிரைப் பந்தயம் பெரும்பாலும் இரண்டு குதிரைகளுக்கு இடையிலான போட்டி. இரண்டு பிரபுக்கள் ஆளுக்கு இவ்வளவு என்று பணம் வைப்பார்கள். பொதுவான ஒருவர் அதை வாங்கி வைத்திருப்பார். ஜெயித்தவர் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வார். ஒருவர் இழந்தது இன்னொருவருக்கு முழுசாகப் போய்ச் சேர்ந்தது. நடுவில் நின்று லாபம் பார்க்க யாரும் இல்லை.

பிறகு பந்தயத்தின் வடிவமே மாறியது. 1776இல் செயின்ட் லெஜர், 1779இல் ஓக்ஸ், 1780இல் டெர்பி என்று பல குதிரைகள் ஒன்றாக ஓடும் பெரிய பந்தயங்கள் தொடங்கின. குதிரைகள் கூடியபோது ‘இதுவா, அதுவா’ என்ற பழைய கணக்கு போதவில்லை. 1790களில் நியூமார்க்கெட் மைதானத்தில் ஹாரி ஆக்டன் என்பவர் ஓடும் ஒவ்வொரு குதிரைக்கும் தனித்தனி விலை சொல்லி, வருகிறவர் எல்லோரிடமும் பந்தயம் வாங்க ஆரம்பித்தார் என்று பந்தய வரலாறு சொல்கிறது. முதல் புக்மேக்கர் என்று பெயர் பெற்றவர் அவர். நம் ஊர் வழக்கில் சொன்னால், முதல் புக்கி.

அவர் செய்ததில் என்ன புதுமை? ஐந்து குதிரைகள் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். விலைகள் 2/1, 3/1, 4/1, 5/1, 6/1. முதல் குதிரைக்கு 2/1 என்றால், ஒரு பவுண்டு கட்டி ஜெயித்தவருக்கு இரண்டு பவுண்டு லாபம், கட்டிய ஒன்றும் திரும்ப வரும், ஆக மூன்று. அந்த விலை மறைமுகமாகச் சொல்லும் வாய்ப்பு, மூன்றில் ஒன்று. சதவீதத்தில் 33.33. இதேபோல மற்றவற்றுக்கும் போட்டால் 25, 20, 16.67, 14.29 என்று வரும். ஐந்தையும் கூட்டுங்கள். 109.29.

ஓடுகிற ஐந்தில் ஒன்று ஜெயிக்கத்தான் போகிறது. ஆகவே உண்மையான வாய்ப்புகளைக் கூட்டினால் 100தான் வர வேண்டும். மேலே நிற்கும் 9.29 புக்கியின் பங்கு. ஐந்து குதிரைகள் மேலும் அதே விகிதத்தில் 33.33, 25, 20, 16.67, 14.29 பவுண்டு என்று பணம் வந்தால், அவர் கையில் சேர்வது 109.29 பவுண்டு. எந்தக் குதிரை ஜெயித்தாலும் அவர் கொடுப்பது 100. எது ஜெயித்தாலும் அவருக்குக் கவலை இல்லை.

நடைமுறையில் பணம் இவ்வளவு ஒழுங்காக வராது. ஒரு குதிரை மேல் அளவுக்கு மீறிப் பணம் குவியும். அப்போது புக்கி அதன் விலையைக் குறைப்பார், மற்றவற்றின் விலையை ஏற்றுவார். பந்தய விலை ஏறி இறங்குவதற்குக் காரணம் குதிரையின் உடல்நிலை பற்றிய புதுச் செய்தியாகவும் இருக்கலாம், பணத்தின் போக்காகவும் இருக்கலாம். விலையைப் பார்த்து ‘இவர்களுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது’ என்று முடிவு கட்டுகிற புதியவர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

பாரிஸ்: மொத்தமாகக் கொட்டிப் பங்கு பிரித்தல்

1867இல் பாரிஸில் ஜோசப் ஒலேர் வேறொரு வழி கண்டுபிடித்தார். ஸ்பெயினின் கத்தலோனியாவில் பிறந்தவர். பின்னாளில், 1889இல், மூலான் ரூஜ் என்ற புகழ்பெற்ற கேளிக்கை அரங்கை நிறுவியவர்களில் ஒருவர். அவர் முறையில் விலை சொல்லும் புக்கியே கிடையாது. எல்லோருடைய பணமும் ஒரே தொகுதியில் சேரும். அதிலிருந்து நடத்துகிறவர் தன் பங்கை முதலில் எடுத்துக்கொள்வார். மிச்சத்தை, ஜெயித்த குதிரை மேல் கட்டியவர்கள் தங்கள் பணத்தின் விகிதத்தில் பிரித்துக்கொள்வார்கள். பாரி-மியூச்சுவல் என்று அதற்குப் பெயர். கிண்டி ரேஸுக்குப் போனவர்களுக்கு இதை ‘டோட்’ என்றால் உடனே புரியும்.

ஒரு உதாரணம். ஒரு பந்தயத்தில் மொத்தம் ஒரு லட்சம் ரூபாய் சேர்கிறது. நடத்துகிறவர் 20 சதவீதம் கழிக்கிறார் என்று வைப்போம். மிச்சம் 80,000. எல்லோரும் நம்பிய குதிரை மேல் 40,000 ரூபாய் கட்டப்பட்டிருந்து அது ஜெயித்தால், ஒரு ரூபாய்க்கு இரண்டு ரூபாய். யாரும் கண்டுகொள்ளாத குதிரை மேல் 10,000 ரூபாய் மட்டும் இருந்து அது ஜெயித்தால், ஒரு ரூபாய்க்கு எட்டு ரூபாய். கடைசி டிக்கெட் விற்கும் வரை தொகை மாறிக்கொண்டே இருப்பதால், டோட்டில் கட்டுகிறவருக்குத் தன் விலை என்ன என்பது ஓட்டம் தொடங்கும்வரை உறுதியாகத் தெரியாது. புக்கியிடம் கட்டினால், கட்டும்போது சொன்ன விலையே கடைசிவரை நிற்கும்.

டோட்டில் ஒரு நேர்மை இருக்கிறது. கழிவு எவ்வளவு என்பது வெளிப்படை. நடத்துகிறவருக்கு எந்தக் குதிரை ஜெயித்தாலும் ஒன்றுதான்; கட்டுகிறவர்கள் ஒருவருக்கு எதிராக ஒருவர் விளையாடுகிறார்கள். ஆனால் இதே வெளிப்படைத்தன்மையில் ஒரு கடுமையான உண்மையும் இருக்கிறது. கூட்டத்தை மொத்தமாக எடுத்துக்கொண்டால், அது ஒவ்வொரு ஓட்டத்திலும் நஷ்டப்பட்டே தீரும். ஒரு லட்சம் கொடுத்துவிட்டு எண்பதாயிரம் திரும்ப வாங்குகிற கூட்டம் வேறு எப்படி இருக்க முடியும்?

இந்த முறையை நடத்தியதற்காக ஒலேருக்கு 1874இல் நீதிமன்றம் தண்டனை விதித்தது. 1891இல் அதே பிரான்ஸ் பாரி-மியூச்சுவலைச் சட்டபூர்வமாக்கியது. நிலையான விலை சொல்லும் புக்கிகளைத் தடை செய்தது.

ஆக்லாந்து: ஓட்டு எண்ணப் பிறந்த எந்திரம்

டோட்டில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருந்தது. பல கவுன்ட்டர்களில் ஒரே நேரத்தில் டிக்கெட் விற்கிறார்கள். எந்தக் குதிரை மேல் எவ்வளவு விழுந்தது என்பதை அந்தக் கணமே தவறில்லாமல் கூட்ட வேண்டும். கையால் எழுதிக் கூட்டும்போது பிழைக்கும் இடம் உண்டு, மோசடிக்கும் இடம் உண்டு.

இதைத் தீர்த்தவர் ஜார்ஜ் ஜூலியஸ். கிறைஸ்ட்சர்ச் நகரின் ஆங்கிலிக்கன் ஆயருடைய மகன், பொறியாளர். தேர்தலில் ஓட்டுகளைத் தவறில்லாமல் எண்ணுவதற்கு அவர் ஒரு எந்திரத்தை வடிவமைத்தார். அரசு வாங்க மறுத்துவிட்டது. கைவிடாமல் அதையே மாற்றி அமைத்துப் பந்தயப் பணத்தைக் கூட்டும் எந்திரமாக்கினார். 1913இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில், எல்லர்ஸ்லி பந்தய மைதானத்தில் அது வேலை செய்யத் தொடங்கியது. கம்பிகளும் கப்பிகளும் இரும்புப் பெட்டிகளும் நிறைந்து ஒரு கட்டடத்தையே அடைத்துக்கொண்டு நின்ற அந்த எந்திரம், எந்தக் கவுன்ட்டரில் டிக்கெட் விற்றாலும் அந்தக் குதிரையின் கணக்கிலும் மொத்தக் கணக்கிலும் உடனே ஏற்றியது. 1917இல் ஜூலியஸ் தொடங்கிய நிறுவனம் பல நாட்டு மைதானங்களுக்கு டோட் எந்திரங்களைக் கொண்டுபோனது. அவரே 1926இல் ஆஸ்திரேலியாவின் தேசிய அறிவியல் ஆய்வு மன்றத்துக்கு முதல் தலைவரானார்.

பந்தய விலையின் வாழ்வில் இது பெரிய திருப்பம். அதுவரை ஒரு மனிதரின் மூளையிலும் குறிப்பேட்டிலும் இருந்த விலை, எந்திரத்தின் கைக்கு மாறியது. இன்று கணிப்பொறி நொடிக்கு நொடி விலையை மாற்றுவதற்கான முதல் படி எல்லர்ஸ்லியில்தான் போடப்பட்டது.

பிரிட்டன்: சந்துமுனையிலிருந்து கடைக்கு

பிரிட்டனில் பணக்காரர் மைதானத்துக்கு நேரில் போய்க் கட்டலாம். புக்கியிடம் கணக்கு வைத்துத் தொலைபேசியிலும் கட்டலாம். தொழிலாளிக்கு இரண்டும் எட்டாது. 1906ஆம் ஆண்டின் தெருப்பந்தயத் தடைச் சட்டம் அவரைத்தான் குறிவைத்தது. பந்தயம் நிற்கவில்லை, ஒளிந்துகொண்டது. மதுக்கடையிலும் தொழிற்சாலை வாசலிலும் புக்கியின் ஆட்கள் துண்டுச்சீட்டுகளை வாங்கிக்கொண்டு ஓடினார்கள். கால்பந்துக்கு ‘பூல்ஸ்’ என்ற வழி வந்தது. 1923இல் ஜான் மூர்ஸ் தொடங்கிய லிட்டில்வுட்ஸ் அதில் பெரிய பெயர். வாராவாரம் ஆட்டங்களின் முடிவை ஊகித்துக் கூப்பனை நிரப்பி அனுப்புவது பல வீடுகளின் வழக்கமாயிற்று.

கடைசியில் அரசே இறங்கிவந்தது. 1960இல் புதிய சட்டம். 1961 மே மாதத்திலிருந்து உரிமம் பெற்ற பந்தயக் கடைகள் தெருவில் திறந்தன. ஆனால் அந்தக் கடைகள் யாரையும் ஈர்க்கக் கூடாது என்பதில் அரசு பிடிவாதமாக இருந்தது. சன்னல் வழியாக உள்ளே தெரியக் கூடாது. சொகுசாக உட்கார இடம் இருக்கக் கூடாது. கட்டியதும் கிளம்பிவிட வேண்டும். தொலைக்காட்சி வைக்கவும் காபி விற்கவும் 1986இல்தான் அனுமதி கிடைத்தது.

பந்தயத்தை அனுமதிக்கலாம், ஆனால் அழைப்பு விடுக்கக் கூடாது என்ற அந்த எச்சரிக்கையில் அறிவு இருந்தது. இன்று கைப்பேசி செய்வது அதற்கு நேர் எதிர். அது நள்ளிரவில்கூட அறிவிப்பு அனுப்பிக் கூப்பிடுகிறது.

சிகாகோ: சமமில்லாததைச் சமமாக்கிய கணக்கு

அமெரிக்கக் கால்பந்தில் ஒரு பலமான அணி பலவீனமான அணியோடு மோதினால், முடிவு முன்பே தெரிந்த மாதிரி. கட்டுகிறவர்களுக்கு அதில் சுவை இல்லை, புக்கிக்கு வியாபாரம் இல்லை. 1940களில் இதற்கு வழி கண்டவராகச் சொல்லப்படுகிறவர் சார்லஸ் மெக்நீல், சிகாகோவில் புக்கியாக இருந்தவர். அதற்குமுன் கணித ஆசிரியர். யார் ஜெயிப்பார் என்று கேட்காமல், எத்தனை புள்ளி வித்தியாசத்தில் என்று கேட்டார். பலமான அணிக்கு −6.5 என்று போட்டால், அது ஏழு புள்ளியாவது கூடுதலாக எடுத்து ஜெயிக்க வேண்டும். இல்லையென்றால், பலவீனமான அணி ஆட்டத்தில் தோற்றிருந்தாலும் அதன் மேல் கட்டியவருக்குத்தான் பணம். பாயின்ட் ஸ்ப்ரெட் என்று பெயர். அரைப் புள்ளி வைத்தால் சமநிலைக்கே இடமில்லை.

இதில் இரண்டு பக்கத்துக்கும் வழக்கமான விலை −110. நூறு டாலர் ஜெயிக்க 110 டாலர் கட்ட வேண்டும். இரண்டு பேர் எதிரெதிர்ப் பக்கம் கட்டினால் புக்கிக்கு வருவது 220. ஜெயித்தவருக்குக் கொடுப்பது 210. பத்து அவரிடம் தங்கும். இப்போது நூறு ஆட்டங்களில் 52ஐச் சரியாகக் கணித்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். பாதிக்கு மேல் சரி. ஜெயித்தது 5,200 டாலர், தோற்றது 48 தடவை 110 வீதம் 5,280. அவர் 80 டாலர் நஷ்டத்தில் நிற்கிறார். நஷ்டம் இல்லாமல் நிற்கவே நூற்றுக்கு 52.38 சரியாக வேண்டும். ‘எனக்குக் கிரிக்கெட் நன்றாகத் தெரியும், ஆகவே ஜெயிப்பேன்’ என்று நினைப்பவர் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். நன்றாகத் தெரிந்தால் போதாது. விலைக்குள் இருக்கும் கழிவைத் தாண்டும் அளவுக்குத் தெரிய வேண்டும். விலை போடுகிறவருக்கும் ஆட்டம் நன்றாகத் தெரியும்.

விலையை எழுதும் முறை இப்படி நாட்டுக்கு நாடு மாறினாலும் பொருள் ஒன்றுதான். பிரிட்டனின் 5/1, ஐரோப்பாவின் 6.00, அமெரிக்காவின் +500 மூன்றும் ஒரே விலை. அதேபோல 1/2, 1.50, −200 மூன்றும் ஒன்று. புதியவருக்கு எளிது தசம விலை. 1ஐ அந்த எண்ணால் வகுத்தால் விலை சொல்லும் வாய்ப்பு வந்துவிடும். ஒரு ஆட்டத்தின் எல்லா முடிவுகளுக்கும் இப்படி வகுத்துச் சதவீதமாக்கிக் கூட்டினால், நூறுக்கு மேல் எவ்வளவோ அவ்வளவும் நிறுவனத்தின் பங்கு. கால்பந்து ஆட்டம் ஒன்றில் ஒரு அணிக்கு 2.10, டிராவுக்கு 3.40, மற்ற அணிக்கு 3.50 என்றால் கூட்டுத்தொகை 105.6. தொடக்கத்தில் பார்த்த 1.90, 1.90 ஆட்டத்துக்கு 105.26. ஆக்டனின் 9.29க்கு இவை நேரடி வாரிசுகள்.

லீட்ஸ்: 500க்கு 1

பெரிய விலைகளின் கவர்ச்சியைச் சொல்லாமல் இந்தக் கதை முழுமையாகாது. 1981 ஜூலை, லீட்ஸின் ஹெடிங்லி மைதானம், ஆஷஸ் தொடரின் மூன்றாவது டெஸ்ட். ஆஸ்திரேலியா 401, இங்கிலாந்து 174. 227 ரன் பின்தங்கி ஃபாலோ ஆன் ஆடிய இங்கிலாந்து ஜெயிக்க, லாட்புரோக்ஸ் நிறுவனம் 500க்கு 1 என்று விலை போட்டது. மைதானத்தின் ஸ்கோர்போர்டில் அது பளிச்சிட்டது. நிறுவனத்துக்கு விலை கணித்துக் கொடுத்தவர் இங்கிலாந்தின் முன்னாள் விக்கெட் கீப்பர் காட்ஃப்ரி எவன்ஸ். ஆஸ்திரேலிய வீரர்கள் டென்னிஸ் லில்லி 10 பவுண்டும், ராட்னி மார்ஷ் 5 பவுண்டும் அந்த விலைக்குக் கட்டினார்கள்.

இங்கிலாந்து இரண்டாவது இன்னிங்ஸில் 135க்கு 7. அங்கிருந்து இயான் போத்தம் ஆட்டமிழக்காமல் 149 எடுத்தார். 130 ரன் எடுத்தால் போதும் என்று இறங்கிய ஆஸ்திரேலியாவை பாப் வில்லிஸ் 43 ரன்னுக்கு 8 விக்கெட் எடுத்து 111இல் சுருட்டினார். 18 ரன்னில் இங்கிலாந்து வென்றது. லில்லிக்கு 5,000 பவுண்டு, மார்ஷுக்கு 2,500. அவர்கள் வேண்டுமென்றே சரியாக ஆடவில்லை என்று யாரும் நிரூபிக்கவில்லை. அப்படி நம்பியவர்களும் அதிகம் இல்லை. ஆனாலும் ஆடுகிறவரே தன் ஆட்டத்தில் பணம் கட்டுவது எவ்வளவு ஆபத்தான வழி என்பதைக் கிரிக்கெட் பின்னாளில் கற்றது. இன்று சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் விதிகள் இதை முற்றாகத் தடுக்கின்றன.

2016இல் லெஸ்டர் சிட்டி இங்கிலீஷ் பிரீமியர் லீக் கோப்பையை வென்றபோது, தொடர் தொடங்கும் முன் அதற்கு இருந்த விலை 5,000க்கு 1. இப்படிப்பட்ட கதைகள் வேகமாகப் பரவும். ஒவ்வொரு ஆண்டும் ஒவ்வொரு போட்டியிலும் பெரிய விலை போடப்பட்டு, எதிர்பார்த்தபடியே தோற்றுப்போன எண்ணற்ற அணிகளின் கதையை யாரும் எழுதுவதில்லை. உளவியலாளர் ஆர்.எம். கிரிஃபித் 1949இல் அமெரிக்கக் குதிரைப் பந்தய விலைகளை ஆராய்ந்து காட்டியது இதுதான்: வாய்ப்புக் குறைந்த குதிரைகள் மேல் மக்கள் அவற்றின் தகுதிக்கு மீறிப் பணம் கட்டுகிறார்கள். சிறு தொகைக்குப் பெரும் தொகை என்ற ஆசைக்கு நாம் கொடுக்கும் விலையும் பெரிது.

கைப்பேசி: தூங்காத கடை

2000இல் லண்டனில் பெட்ஃபேர் தொடங்கியது. ஆண்ட்ரூ பிளாக்கும் எட்வர்ட் ரேயும் பங்குச்சந்தை முறையைப் பந்தயத்துக்குக் கொண்டுவந்தார்கள். ‘இந்த அணி ஜெயிக்கும்’ என்று ஒருவர் விலை சொல்ல, ‘ஜெயிக்காது’ என்று இன்னொருவர் எடுத்துக்கொள்வார். நிறுவனம் ஜெயித்தவரின் லாபத்தில் கமிஷன் எடுக்கும். 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமெரிக்காவில் பெரும்பாலும் நெவாடாவோடு நின்றிருந்த விளையாட்டுப் பந்தயம், 2018 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்கியதும் முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களுக்குப் பரவியது.

கைப்பேசிக்கு வந்த விலை மூன்று புதுப் பழக்கங்களைப் பெற்றது. முதலாவது, வேகம். ஆட்டம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த ஓவர், அடுத்த பந்துக்கே விலை உண்டு. தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் பந்து மைதானத்தில் சில நொடி முன்பே வீசப்பட்டுவிட்டது. வீட்டில் இருப்பவர் அந்தப் பந்தைப் பார்த்துக் கட்ட நினைக்கும்போது, விலை போடுகிறவருக்கு அது பழைய செய்தி.

வேகத்தின் பாதிப்பு கணக்கிலும் தெரியும். 1.90 என்ற விலைக்குள் இருக்கும் 5 சதவீதக் கழிவு என்பது ஒரு தடவைக்கு. ஆயிரம் ரூபாயை வைத்துக்கொண்டு, வந்ததை எல்லாம் திரும்பத் திரும்பக் கட்டினால், சராசரியாகப் பத்தாவது சுற்றின் முடிவில் மிஞ்சுவது சுமார் 599 ரூபாய்; இருபதாவது சுற்றில் சுமார் 358. பழைய நாளில் இருபது சுற்றுக்குப் பல வாரம் ஆகும். இன்று ஒரு டி20 ஆட்டத்தின் முதல் பாதியே போதும்.

இரண்டாவது, சேர்த்துக் கட்டுதல். ஐந்து ஆட்டங்களை ஒன்றாகச் சேர்த்து, ஐந்தும் பலித்தால்தான் பணம் என்பது. ஐந்துக்கும் 1.90 என்றால் பெருக்கி வரும் விலை 24.76. நூறு ரூபாய்க்கு 2,476 ரூபாய் என்றதும் கண் விரியும். ஆனால் ஐந்தும் சம வாய்ப்பு ஆட்டங்கள் என்றால் நியாயமான விலை 32. ஒற்றைப் பந்தயத்தில் 5 சதவீதமாக இருந்த கழிவு இங்கே 22 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. விளம்பரங்கள் இந்த வகையை அதிகம் காட்டுவதற்குக் காரணம் இதுதான்.

மூன்றாவது, பரிசு போலத் தோன்றும் வலை. சேர்ந்தவுடன் போனஸ் தருவார்கள். அதை எடுக்க வேண்டுமென்றால் பல மடங்கு தொகைக்குப் பந்தயம் கட்டியிருக்க வேண்டும் என்று நிபந்தனை இருக்கும். ஆட்டம் முடிவதற்குள் பணத்தை எடுத்துக்கொள்ளும் ‘கேஷ் அவுட்’ வசதி இருக்கும். அந்தத் தொகையிலும் நிறுவனத்தின் பங்கு கழிக்கப்பட்டிருக்கும். இத்தனையையும் மீறித் தொடர்ந்து ஜெயிக்கும் ஒருவர் வந்துவிட்டால், அவர் கட்டக்கூடிய தொகையைப் பல நிறுவனங்கள் சில்லறைக் காசு அளவுக்குக் குறைத்துவிடும். தோற்கிறவருக்குக் கதவு அகலத் திறந்திருக்கிறது.

கிண்டி: சட்டத்தின் வாசலில்

ஒலேர் பாரிஸில் தன் முறையைத் தொடங்கிய அதே 1867இல் பிரிட்டிஷ் இந்திய அரசு பொது சூதாட்டச் சட்டத்தைக் கொண்டுவந்தது. விடுதலைக்குப் பின் அரசியலமைப்பு பந்தயத்தையும் சூதாட்டத்தையும் மாநிலங்களின் அதிகாரத்தில் வைத்தது. 1974இல் தமிழ்நாடு அரசு குதிரைப் பந்தயத்தையும் அதில் பணம் கட்டுவதையும் ஒழிக்கச் சட்டம் இயற்றியது. அந்த வழக்கு நீண்டு, 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: குதிரைப் பந்தயத்தில் குதிரையின் வளர்ப்பு, பயிற்சி, ஓட்டுகிறவரின் திறமை ஆகியவையே மேலோங்கி நிற்கின்றன, ஆகவே அது திறமை சார்ந்த விளையாட்டு, சூதாட்டம் ஆகாது. கிண்டியில் குதிரைகள் தொடர்ந்து ஓட வழிவிட்ட தீர்ப்பு அது.

கிரிக்கெட்டுக்கு அந்த வாசல் திறக்கவில்லை. இங்கே பந்தயம் மறைவிலேயே வளர்ந்தது. மறைவில் வளர்ந்ததன் விலையை ஆட்டமே கொடுத்தது. 2000 ஏப்ரலில் டெல்லி போலீஸ் வெளியிட்ட, ஆட்ட மோசடி பற்றிய உரையாடல்கள் தென்னாப்பிரிக்கக் கேப்டன் ஹான்சி குரோனியேவின் வாழ்க்கையைப் புரட்டிப்போட்டன. அவருக்கு ஆயுள் தடை. 2013 ஐபிஎல் முறைகேடுகளின் தொடர்ச்சியாக, சென்னை சூப்பர் கிங்ஸும் ராஜஸ்தான் ராயல்ஸும் 2016, 2017 ஆகிய இரண்டு தொடர்களில் ஆட முடியாமல் போயின. மஞ்சள் சட்டை இல்லாத அந்த இரண்டு கோடைகளைச் சென்னை மறந்திருக்காது.

இணையச் சூதாட்டத்துக்கு எதிராகத் தமிழ்நாடு 2022இல் இயற்றிய சட்டத்துக்கு 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் கிடைத்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நாடு முழுவதுக்குமான சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி, திறமையா அதிர்ஷ்டமா என்ற பழைய பாகுபாடே இல்லாமல், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்துக்கும் தடை. நடத்துகிறவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்கிறவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். ஆடுகிறவரைச் சட்டம் குற்றவாளியாகப் பார்க்கவில்லை; பாதிக்கப்பட்டவராகவே பார்க்கிறது.

ஆகவே, வெளிநாட்டில் பதிவு செய்துகொண்டு இங்கே வலை விரிக்கும் செயலிகளிடம் பணம் கட்டுகிறவருக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. ஜெயித்த பணம் வராவிட்டால் போய் நிற்க ஒரு அலுவலகம் இல்லை. கொடுத்த வங்கி விவரம் யார் கையில் போகிறது என்று கேட்கவும் ஆள் இல்லை.

விலை கற்றுத்தருவது

நியூமார்க்கெட்டில் தொடங்கி இவ்வளவு தூரம் வந்தபின் அடிப்படைப் பாடம் சுருக்கமானது. பந்தய விலை என்பது நடக்கப்போவதைச் சொல்லும் சோதிடம் அல்ல. நிறுவனம் தன் கழிவை உள்ளே வைத்து விற்கும் பண்டம். எல்லா முடிவுகளின் விலையையும் தலைகீழாக்கிக் கூட்டிப் பார்த்தால் கழிவு எவ்வளவு என்று ஒரு நிமிடத்தில் தெரியும். எவ்வளவு அடிக்கடி கட்டுகிறோமோ, எத்தனை ஆட்டத்தைச் சேர்த்துக் கட்டுகிறோமோ, அவ்வளவுக்கு அது பெருகும். இந்தக் கழிவைத் தொடர்ந்து வென்றவர்கள் உலகில் இருக்கிறார்கள். அவர்கள் மிகச் சிலர், அதை முழுநேரத் தொழிலாகச் செய்தவர்கள். மற்ற எல்லோருக்கும் இது காசு கொடுத்து வாங்கும் பொழுதுபோக்கு. சட்டம் அனுமதிக்கும் நாட்டில் வாழும் தமிழர்கள் அப்படித்தான் பார்க்க வேண்டும்: இழந்தாலும் வீடு தாங்கும் தொகையை முன்பே ஒதுக்கி, அது தீர்ந்ததும் எழுந்துவிட வேண்டும். கடன் வாங்கிக் கட்டக் கூடாது. விட்டதைப் பிடிக்க இருமடங்காகக் கட்டவே கூடாது. குடும்பங்கள் முழுகிய இடம் அதுதான்.

சூதாட்டப் பழக்கம் கட்டுமீறிப் போவதை உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதை ஒழுக்கக் கேடு என்று திட்டி யாரையும் மீட்க முடியாது; சிகிச்சையால் முடியும். உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை ராத்திரி முழுக்கக் கைப்பேசியோடு இருந்து, காரணம் சொல்லாமல் கடன் கேட்கிறான் என்றால், அடிக்காதீர்கள், அவமானப்படுத்தாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். இந்தக் கணக்கை அவனோடு சேர்ந்து போட்டுப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. நாள் முழுவதும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம். கூப்பிடத் தயங்காதீர்கள்.